பெயரில்லா சொன்னது

19 ஆகஸ்ட் 2012, ஞாயிறு

ஈரோட்டு பேரிங் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாகக் கடையில் ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவிவிட்டேன். மேஜை ஆடுகிறது. காரணம் என் மகள் இந்துஜா.

ரம்ஜான் லீவை ஒட்டிச் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, நம் கடைக்கு ஒரு பிளக் வேண்டும் என்றாள். கடைக்குப் போய், மூன்று பின் வைத்த நல்ல பிளக்காகத் தேடி எடுத்து வந்து கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

அது பிளக் இல்லையாம், பிளாக். தெளிவாகச் சொன்னால் என்ன? சென்னைக்குப் போனதிலிருந்து இந்தப் பெண் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

பிளாக் என்றால் கம்ப்யூட்டரில் எழுதுகிற டைரி. வித்தியாசம் என்னவென்றால், டைரியை ஒளித்து வைப்போம், இதை ஊரே படிக்கும். அதனால் என்ன நன்மை என்று ஏதோ இங்கிலீஷ் கட்டுரையைப் பார்த்துப் படித்துப் படித்துச் சொன்னாள். தொழில் வளருமாம். பேர் பரவுமாம். எழுத எழுதப் புத்தி தெளியுமாம். முகம் தெரியாத நண்பர்கள் கிடைப்பார்களாம். மனசு லேசாகுமாம். இவ்வளவும் ஒரே மருந்தில் என்றால் பஸ் ஸ்டாண்டில் விற்கிற லேகியம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

"மொதல்ல நோட்டுல எழுதிப் பழகுங்கப்பா. அப்புறம் பிளாக்குல எழுதலாம்" என்றாள். எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்திரண்டு. பத்தாவது பாஸ், கணக்கில் மட்டும் இரண்டாவது தடவை. கோபியில் சத்தி ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடை. போர்டில் என் பெயருக்குக் கீழே, "சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கப்படும்" என்று எழுதியிருக்கும். இருபத்தாறு வருஷமாக என் பேரே அதுதான். ரெண்டு நொடி ஓடவிட்டால் போதும், எங்கே என்ன என்று சொல்லிவிடுவேன்.

சென்னை வேலை வேண்டாம், ஈரோட்டில் பார் என்று ஏப்ரலில் நான் சொன்னதும், அவள் கேட்காமல் போனதும் பழைய கதை. நான் மறந்துவிட்டேன்.

20 ஆகஸ்ட், திங்கள்

மதியம் இந்துஜாவை பஸ் ஏற்றிவிட்டேன். அவளுடைய பழைய லேப்டாப்பை எனக்கு விட்டுவிட்டுப் போகிறாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஏதோ கேட்டாள். டிரைவர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் பலமாகத் தலையை ஆட்டினேன். அவள் முகம் சுருங்கியது. ஆட்ட வேண்டிய பக்கம் மாறிவிட்டதோ என்னவோ.

26 ஆகஸ்ட், ஞாயிறு

இந்துஜா போன் செய்தாள். கையில் கிரீஸ். "உம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி வசந்தாமணியிடம் கொடுத்துவிட்டேன்.

3 செப்டம்பர், திங்கள்

கடையில் ஒரு தகராறு. ரிட்டையர் ஆன தமிழ் டீச்சர் ரங்கநாயகி அம்மாள் மிக்ஸியோடு வந்தார். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"யார் லூசு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நானுங்களா கேட்டேன்? நீங்கதானுங்க யார் லூசுன்னு கேட்கறீங்க" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. ரோட்டில் போன லாரி நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. "ஜார் லூசு" என்றிருக்கிறார். ஜாரை வாங்கிப் பார்த்தேன். லூசுதான்.

சத்தி ரோட்டில் லாரிப் போக்குவரத்து ரொம்ப அதிகமாகிவிட்டது. யாராவது மனுக் கொடுக்க வேண்டும்.

மில் சூப்பர்வைசர் கிரைண்டரை மூன்றாம் தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "அதே சத்தமுங்ணா" என்கிறார். நான் ஓட்டினால் ஒரு சத்தமும் வரவில்லை. சிலபேருக்குச் சந்தேக புத்தி.

6 செப்டம்பர், வியாழன்

பிளாக் ஆரம்பித்தாயிற்று. தமிழில் எழுத வேண்டுமானால் இங்கிலீஷ் எழுத்தைத் தட்ட வேண்டும். ஒற்றை விரலில் "வணக்கம்" முடிக்கும்போது வசந்தாமணி ஒரு படி உளுந்து புடைத்து முடித்திருந்தாள்.

முதல் பதிவு: மிக்ஸி சத்தங்கள். "டப்" என்று நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும், அமுக்கவும். "கீச் கீச்" என்றால் ஜாரின் புஷ் காய்ந்துவிட்டது. "கடகட" என்றால் கப்ளர் பல் தேய்ந்துவிட்டது. கிரைண்டரோ ஃபேனோ சுற்றாமல் "உம்ம்" என்று மட்டும் நின்றால் கரண்ட் வருகிறது, மோட்டார் எரியவில்லை, கெப்பாசிட்டர்தான் போய்விட்டது.

இதெல்லாம் எழுத யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தனை சத்தமும் மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது.

11 செப்டம்பர், செவ்வாய்

முதல் வாசகர்! பதிவுக்குக் கீழே "பெயரில்லா சொன்னது" என்று போட்டு, "சூப்பர் சார், எங்க வீட்டு மிக்ஸி உங்களால் பிழைத்தது" என்று இருக்கிறது. ஷர்மிளா, ஊர்மிளா மாதிரி வடக்கத்திப் பெயராக இருக்கலாம். நன்றாகத் தமிழ் எழுதுகிறார்.

13 செப்டம்பர், வியாழன்

பெயரில்லா மூன்று தடவை எழுதிவிட்டார். காலையில், சேலத்தில் இருக்கிறேன், கிரைண்டர் கல் சுற்றவில்லை என்கிறார். மதியம், துபாயில் இருக்கிறேன், இட்லி மாவு நினைப்பாகவே இருக்கிறது என்கிறார். சாயங்காலம், "இதெல்லாம் ஒரு பதிவா, வேற வேலை இல்லையா" என்று திட்டுகிறார். எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது. பதில் எழுதினேன்: "அன்புள்ள பெயரில்லா, ஒரே நாளில் இவ்வளவு அலைச்சல் உடம்புக்கு ஆகாது. நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கவும்."

வசந்தாமணிக்கு விஷயம் வேறு மாதிரி போயிருக்கிறது.

"ஏனுங், ஆருங் அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

"பெயரில்லா. பொழுதுக்கும் எழுதிக்கிட்டே இருக்கறாளாமா. இந்துஜா சொன்னா. நீங்களும் சாப்பிட்டியா தூங்கினியான்னு கேட்கறீங்களாமா. எங்கிட்ட என்னிக்காச்சும் கேட்டிருக்கறீங்களா?"

இவள் குரல் மட்டும் எனக்கு எப்போதும் துல்லியமாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

14 செப்டம்பர், வெள்ளி

ரங்கநாயகி டீச்சர் பிளாக்கைக் கண்டுபிடித்துவிட்டார். சொந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார். பதிவில் இருபத்தொரு பிழையாம். தொண்டை என்றால் "கரகர", முறுக்கு என்றால் "கறமுற", இரண்டையும் கலக்கக் கூடாதாம். கடைசியில்: "பெயரில்லா என்பது ஒரு பெண்மணியின் பெயர் அன்று. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பெயரைச் சொல்லாமல் எழுதுகிற எல்லோருக்கும் கம்ப்யூட்டர் அப்படிப் போடுகிறது. பலர், ஒருவர் அல்லர்."

வசந்தாமணிக்குப் படித்துக் காட்டினேன். "ஈறு கெட்டவளா?" என்றாள். பல் இல்லாதவள் என்று நினைத்து நிம்மதியாகிவிட்டாள். நான் திருத்தவில்லை.

பேர் பரவும் என்றார்கள். வந்தவர்களுக்கே பேர் இல்லை.

16 செப்டம்பர், ஞாயிறு

இந்துஜா போன். கையில் கிரீஸ்.

20 செப்டம்பர், வியாழன்

கரண்ட் கட் நேரம் கூடிக்கொண்டே போகிறது. ஊரே திட்டுகிறது. எனக்கென்னவோ அது ஒரு நிம்மதி. கரண்ட் இல்லையென்றால் மெஷினை ஓட்டிப் பார்க்க முடியாது. வருகிறவர்களையே வாயால் சத்தம் போட்டுக் காட்டச் சொல்கிறேன். இன்று பேங்க் மேனேஜர் கடை நடுவில் நின்று உதட்டைக் குவித்து "ஙொய்ங்ங்" என்று சுற்றிக் காட்டினார். வாயைப் பார்த்தவுடனே பேரிங் என்று சொல்லிவிட்டேன். ஆடிப்போய்விட்டார்.

கரண்ட் இருக்கும்போதும் இப்படியே கேட்பது வசதியாக இருக்கிறது. பிளாக்கில் இன்னும் வசதி. சத்தத்தை எழுத்தாகவே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். லாரி இல்லை, ஹாரன் இல்லை. பதினெட்டு பேருக்குப் பதில் எழுதினேன். ஒன்றும் தப்பவில்லை. மில் சூப்பர்வைசரையும் எழுதித் தரச் சொன்னேன். "கிர்ர்ர் டொக், கிர்ர்ர் டொக்" என்று எழுதினார். டொக்! அதைச் சொல்லவில்லையே மனுஷன்! மூன்று தடவை சொன்னாராம். பெல்ட் வீலில் ஸ்க்ரூ லூசு. சரியாகிவிட்டது.

தொழில் வளரும் என்ற விஷயத்தில் அந்தக் கட்டுரைக்காரர் பொய் சொல்லவில்லை.

23 செப்டம்பர், ஞாயிறு

வசந்தாமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து "பல்லி இல்லீங்" என்றாள். சுவரைப் பார்த்தேன். உண்மைதான், இல்லை. "நல்லதுதானே" என்றேன். சாம்பாரில் மல்லித்தழை இல்லாதது அப்புறம்தான் தெரிந்தது.

இந்துஜா போன். கையில் கிரீஸ்.

"ஞாயித்துக்கிழமை எங்கிருந்துங் கிரீஸு?" என்றாள் வசந்தாமணி. சைக்கிள் செயினைத் தொட்டுவிட்டு வந்து காட்டினேன்.

2 அக்டோபர், செவ்வாய்

காந்தி ஜெயந்தி. கடை லீவு. போன் வந்தது. எடுக்கவில்லை.

7 அக்டோபர், ஞாயிறு

பெயரில்லாக்களில் ஒருவர் இன்று விசித்திரமாக ஒன்று எழுதியிருக்கிறார். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஐயா, எங்கள் வீட்டில் ஒரு பழைய மெஷின். ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. இப்போது நான் வெளியூரில். ஞாயிறுதோறும் போன் செய்தால் 'உம்' என்று ஒரே ஒரு சத்தம். உடனே நின்றுவிடுகிறது. கோளாறு மெஷினிலா, என்னிடமா?"

ரொம்ப நேரம் யோசித்தேன். போனில் ஓடுகிற மெஷின் நான் பார்த்ததில்லை. தோட்டத்து மோட்டாரை இப்போது செல்போனில் ஓட்டுகிறார்களாம், அதுவாக இருக்கும். பதில் போட்டேன்: "மாடல் நம்பர், கம்பெனி பெயர், இரண்டும் அனுப்பவும்."

8 அக்டோபர், திங்கள்

பதில் வந்துவிட்டது.

"மாடல்: 1960. கம்பெனி: சென்னியப்பன் எலக்ட்ரிக்கல்ஸ், சத்தி ரோடு, கோபி."

9 அக்டோபர், செவ்வாய்

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். வசந்தாமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"காய்ச்சலெல்லாம் இல்லீங். காது."

"என்ன காது?"

"மூணு வருசமாச்சுங். நாங் கத்திக் கத்தித்தான் உங்ககிட்டப் பேசறன். வீதியில என்னைச் சண்டைக்காரிங்கறாங்க. போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, 'வசந்தா, அவரு பாவம், கொஞ்சம் அனுசரிச்சுப் போ'ன்னு புத்தி சொல்லீட்டுப் போகுது."

"இந்துஜாகிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். போர்டு வேற அப்படி எழுதி வெச்சிருக்கறீங்க. உங்க மானத்தை நாங் கெடுக்கறதா? புள்ள என்னடான்னா, சென்னைக்குப் போனதுக்கு அப்பா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறாருன்னு அழுவுது. கிரீஸாமா கிரீஸு!"

இப்போதும் கத்தித்தான் சொன்னாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

போனில் இந்துஜாவின் குரல் ஏதோ தகர டப்பாவுக்குள் கொசு பறக்கிற மாதிரிதான் வருகிறது. இந்தப் பக்கத்தில் இதை முதல் தடவையாக எழுதுகிறேன்.

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதிலைப் போட்டால் ஊரே படிக்கும். காது கேட்காதவன் கடைக்குச் சத்தம் பார்க்க யார் வருவார்கள்? அவளுக்கு மட்டும் தனியாக எழுதலாம்தான். ஆனால் அவள் கேள்வியைக் கடை வாசலில் வைத்துக் கேட்டிருக்கிறாள். பதிலைக் கொல்லைப்பக்கமாகக் கொடுப்பது முறையில்லை.

10 அக்டோபர், புதன்

போட்டது இது:

"பெயரில்லா அவர்களுக்கு. நீங்கள் சொன்ன 1960 மாடலைப் பிரித்துப் பார்த்தேன். 'உம்' என்ற சத்தம் வந்தால் மோட்டார் எரியவில்லை என்று அர்த்தம் என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். கரண்ட் எப்போதும் போல வந்துகொண்டுதான் இருக்கிறது, சுற்றத்தான் முடியவில்லை. கூப்பிட்ட உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. மெஷினுக்குக் காது போய்விட்டது. மூன்று வருஷம் ஆகிறது. வெளியே தெரிந்தால் கடை போய்விடும் என்று கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு திரிந்தது. மற்ற வாசகர்களுக்கு: போர்டில் இருப்பது இப்போது உண்மை இல்லை. மன்னிக்கவும். இப்படிக்கு, சென்னியப்பன்."

போட்ட ஐந்தாவது நிமிஷத்திலேயே அழித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால் கரண்ட் போய்விட்டது. அதில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. இத்தனை நாள் கரண்ட் கட்டை ரசித்ததற்குத் தண்டனை.

நாலு மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. அதற்குள் முப்பத்தொரு பேர் எழுதிவிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் பெயரில்லா. ஒருவர், "அப்போ இத்தனை நாள் கேட்காமலேயா சரியாச் சொன்னீங்க?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "என் மாமியாருக்கும் இதே பிரச்சினை, எந்த டாக்டர்?" மூன்றாமவர் வழக்கம்போல, "வேற வேலை இல்லையா."

எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. இந்துஜா சொன்னது என்று பெயரோடு:

"பஸ் ஜன்னல்ல நான் கேட்டது, 'அப்பா, இன்னும் என் மேல கோவமா?' நீங்க ஆமான்னு அவ்வளவு பலமாத் தலையாட்டினீங்க. சனிக்கிழமை வர்றேன். ரெடியா இருங்க."

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். மனசு லேசாகும் என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. லேசாவதற்கு முன்னால் இவ்வளவு கனக்கும் என்பதையும் எழுதியிருக்கலாம்.

11 அக்டோபர், வியாழன்

ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக ரங்கநாயகி டீச்சர் நிற்கிறார். வாயே திறக்கவில்லை. மிக்ஸியை வைத்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெரிய எழுத்தில், ஒரு பிழை இல்லாமல்:

"ஜார் மறுபடியும் லூசு. நான் அல்லேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் ஏழு மெஷின் வந்தன. ஏழிலும் சீட்டு ஒட்டியிருந்தது. "கொர்ர் கொர்ர்", "ட்ரிக்", "ஙீ". ஒருவர் வெறுமனே "ஐயோ" என்று எழுதியிருந்தார். ஷாக் அடிக்கிறதாம்.

14 அக்டோபர், ஞாயிறு

நேற்று இந்துஜா ஈரோட்டில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரமாக ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்ட் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். முடிந்துவிட்டதாம்.

இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டினார்கள். புளியங்கொட்டை அளவு. எந்தக் கோளாறு வந்தாலும் பிரிக்கக் கூடாது என்று என்னிடமே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் "டக் டக் டக்". திடுக்கிட்டுவிட்டேன். எங்கள் வீட்டு ஃபேன்!

"எத்தனை நாளா இந்தச் சத்தம்?"

"ரெண்டு வருசமா சொல்லீட்டிருக்கறேன். மெக்கானிக் வீடு" என்றாள் வசந்தாமணி. மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டு மணி நேரமாகச் சத்தமே வராததால் பக்கத்து வீட்டு அக்கா வந்து, உடம்பு சரியில்லையா என்று வசந்தாமணியை விசாரித்துவிட்டுப் போனார்.

இன்று மதியம் இந்துஜா பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக, "இன்னும் கோவமா?" என்றாள். தலையை ஆட்டவே இல்லை. வாயால் சொன்னேன்.

23 அக்டோபர், செவ்வாய்

ஆயுத பூஜை. கடையைக் கழுவி, ஸ்பேனர், டெஸ்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. லேப்டாப்பும் உண்டு, அதுவும் இப்போது தொழில் சாமான்தான். வசந்தாமணி வரிசையைப் பார்த்துவிட்டு என் காதைப் பார்த்தாள்.

"அதையும் கழட்டி வையுங். இப்ப அதுதானே பெரிய ஆயுதம்?"

நியாயம்தான். கழற்றி ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் குங்குமப் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை விடியும்வரை தொடக் கூடாது. ஊர் மறுபடியும் அமைதியாகிவிட்டது. பொரியை மென்றால் என் தாடைச் சத்தம் மட்டும்தான்.

மேஜை மேல் போன் மின்னியது. இந்துஜா.

வசந்தாமணி எடுக்கக் கை நீட்டினாள். நான் முந்திக்கொண்டேன். சாமியிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, பூஜையிலிருந்து இரண்டையும் எடுத்துப் பொட்டோடு காதில் மாட்டினேன். வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போனை வைத்துக்கொண்டதில் கன்னம், கை எல்லாம் சிவப்பு.

"ஹலோ... அப்பாவா? நீங்களா எடுத்தீங்க?" அந்தப் பக்கம் தெளிவாகச் சிரித்தாள். "இன்னிக்குக் கையில கிரீஸ் இல்லையா?"

"இல்ல அம்மிணி," என்றேன். "குங்குமம்."